குன்னூர்க்காரர் சாம் மானெக்‌ஷா

குன்னூரிலும் அதை ஒட்டிய வெலிங்டனிலும் வளர்ந்தவர்களுக்குப் பட்டாளம் என்பது எங்கோ தொலைவில் நடக்கும் ஒன்று அன்று. ஊர்க்காரர்கள் எம்.ஆர்.சி. என்று சொல்லும் மதராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையம் அங்கேதான் இருக்கிறது. முப்படை அதிகாரிகளும் படிக்கும் ஸ்டாஃப் காலேஜும் அங்கேதான் இருக்கிறது. கேன்டீன் பையோடு பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் ஓய்வுபெற்ற ஹவில்தார்களையும் சுபேதார்களையும் பார்த்துப் பழகிய ஊர் என்பதால், பழைய ராணுவ அதிகாரி ஒருவர் தெருவில் நடந்து போனால் யாரும் நின்று திரும்பிப் பார்ப்பதில்லை. அப்படிப்பட்ட ஊரில்தான், இந்தியத் தரைப்படையின் மிக உயர்ந்த பட்டமான பீல்டு மார்ஷல் பெற்ற இருவரில் முதலாமவர், 1973 முதல் 2008 வரை 35 ஆண்டுகள், வீடும் தோட்டமும் மனைவியும் பேரப்பிள்ளைகளுமாக வாழ்ந்து முடித்தார்.

சாம் மானெக்‌ஷாவைப் பற்றி எழுதப்படும் எதுவும், பாகிஸ்தானோடு போர் நடந்து வங்கதேசம் பிறந்த 1971 டிசம்பரின் 13 நாள்களில் போய் நின்றுவிடுகிறது. அந்த நாள்களின் பெருமையை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. ஆனால் 94 ஆண்டுகள் வாழ்ந்த ஒருவருடைய வாழ்க்கையை 13 நாள்களுக்குள் அடைத்துவிட்டால், அந்த 13 நாள்களையே நாம் சரியாகப் புரிந்துகொள்ள முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் படை நடத்திய விதத்துக்கும் குடும்பம் நடத்திய விதத்துக்கும் ஓர் ஒற்றுமை இருந்தது. தனக்குக் கீழே நிற்கும் ஒவ்வொரு சிப்பாயும் யாரோ ஒருத்தியின் கணவன், யாரோ ஒருவரின் மகன் என்பதை அவர் மறந்ததாகத் தெரியவில்லை.

1914 ஏப்ரல் 3 அன்று அமிர்தசரஸில் ஒரு பார்சி மருத்துவரின் மகனாக அவர் பிறந்தார். குஜராத்தின் வல்சாட்டைப் பூர்விகமாகக் கொண்ட அந்தக் குடும்பம் பஞ்சாபில் குடியேறியதற்குக் காரணமாக ஒரு கதை சொல்வார்கள். பம்பாயிலிருந்து லாகூருக்குப் பிழைப்புத் தேடிப் புறப்பட்ட தந்தை ஹோர்முஸ்ஜி, வழியில் கர்ப்பிணி மனைவியால் அதற்கு மேல் பயணம் செய்ய முடியாமல் போனதால் அமிர்தசரஸில் இறங்கினார். இறங்கிய ஊர் பிடித்துப்போகவே அங்கேயே மருத்துவமனை வைத்துவிட்டார். ஆறு பிள்ளைகளில் ஐந்தாவதாகப் பிறந்த சாம், பஞ்சாபி மொழியை மண்ணின் மைந்தனைப் போலப் பேசி வளர்ந்தார். நைனிதாலின் ஷெர்வுட் கல்லூரியில் பள்ளிப் படிப்பை முடித்ததும் லண்டனுக்குப் போய் மருத்துவம் படித்து மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்பது அவருடைய ஆசை. இந்தச் சின்ன வயதில் தனியாக அனுப்ப மாட்டேன் என்று தந்தை மறுத்துவிட்டார். அந்தக் கோபத்தில் மகன் எழுதியதுதான், டேராடூனில் புதிதாகத் தொடங்கப்பட்ட ராணுவ அகாதெமிக்கான தேர்வு. 1932 அக்டோபரில் சேர்ந்த முதல் அணியின் 40 பேரில் அவரும் ஒருவர். அவரோடு படித்த ஸ்மித் டன் பின்னாளில் பர்மாவின் படைத் தலைவரானார். முகம்மது மூசா பாகிஸ்தானின் படைத் தலைவரானார். அப்பாவோடு போட்ட ஒரு சண்டையில் இந்தியா ஒரு மகப்பேறு மருத்துவரை இழந்தது.

1937-ல் லாகூரில் நடந்த ஒரு விருந்தில் சில்லூ போடே என்ற பம்பாய்ப் பெண்ணை அவர் சந்தித்தார். எல்பின்ஸ்டன் கல்லூரியில் பட்டம் பெற்று, ஜே.ஜே. ஓவியப் பள்ளியிலும் பயின்றவர் சில்லூ. இருவருக்கும் 1939 ஏப்ரல் 22 அன்று திருமணம் நடந்தது. ஐந்து மாதங்களுக்குள் உலகப் போர் தொடங்கிவிட்டது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் மூத்த மகள் பிறந்தாள். ஆகவே 1942 பிப்ரவரியில் பர்மாவின் சிட்டாங் ஆற்றங்கரையில் ஒரு கம்பெனிக்குத் தலைமை தாங்கி நின்ற அந்த 27 வயது கேப்டன், இரண்டு வயதுக் குழந்தையின் தகப்பனும்கூட.

சிட்டாங்கில் நடந்ததை நான் முதலில் கேட்டது எங்கள் ஊர் முன்னாள் ராணுவத்தினரிடமிருந்துதான். ஒவ்வொருவரும் கொஞ்சம் கூட்டிச் சொல்வார்கள்; இருந்தாலும் அடிப்படைச் செய்தி உறுதியானது. ஜப்பானியப் படையின் முன்னேற்றத்துக்கு முன்னால் 17-ஆவது இந்திய டிவிஷன் பின்வாங்கிக்கொண்டிருந்தது. ஆற்றைக் கடப்பதற்கு இருந்தது ஒரே பாலம். அதைக் காக்க வேண்டுமானால் பகோடா குன்று எதிரியின் கைக்குப் போகக் கூடாது. பிப்ரவரி 22 அன்று தன் கம்பெனியில் ஏறத்தாழப் பாதிப் பேரை இழந்த நிலையிலும் குன்றின் மீது தாக்குதலை நடத்தி முடித்த மானெக்‌ஷாவின் வயிற்றில் இயந்திரத் துப்பாக்கிக் குண்டுகள் பாய்ந்தன. ஏழு குண்டுகள் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அதைக் கண்ட தளபதி டேவிட் கோவன், தன் மார்பில் இருந்த மிலிட்டரி கிராஸ் விருதின் நாடாவைக் கழற்றி அவர் சட்டையில் குத்தினார். இறந்தவர்களுக்கு அந்த விருதைத் தரும் வழக்கம் அப்போது இல்லை. ஆள் பிழைக்க மாட்டான், உயிர் போவதற்கு முன்பாவது விருது சேரட்டும் என்பதே அந்தச் செயலின் பொருள்.

அவரைப் பிழைக்க வைத்தவர் ஷேர் சிங் என்ற ஆர்டர்லி. சண்டைக்கு நடுவிலிருந்து தூக்கிக்கொண்டு போய் ஓர் ஆஸ்திரேலிய அறுவை மருத்துவரிடம் சேர்த்தார். பிழைக்க வாய்ப்பில்லாத ஒருவருக்காக நேரத்தைச் செலவிட அந்த மருத்துவருக்கு முதலில் விருப்பம் இல்லை. ஷேர் சிங் விடவில்லை. அதற்குள் நினைவு திரும்பிய காயக்காரரிடம் என்ன நடந்தது என்று மருத்துவர் கேட்க, கோவேறு கழுதை உதைத்துவிட்டது என்று பதில் வந்ததாம். இவ்வளவு நகைச்சுவை மிச்சமிருப்பவனைக் காப்பாற்றத்தான் வேண்டும் என்று மருத்துவர் கத்தியை எடுத்தார். குண்டுகளோடு குடலிலும் ஒரு பகுதியை வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. மறுநாள் அதிகாலையில், படையின் பெரும்பகுதி இன்னும் எதிர்க்கரையில் இருக்கும்போதே, பாலத்தைத் தகர்க்கும் உத்தரவு வந்துவிட்டது. பாலம் தகர்ந்த பிறகு ஆற்றில் நீந்தியவர்களில் எத்தனையோ பேர் கரை சேரவில்லை. மானெக்‌ஷாவின் எஞ்சிய 66 ஆண்டுகளும் ஷேர் சிங்கின் பிடிவாதம் தந்தவை.

போரின் பிற்பகுதியில் அவர் மீண்டும் பர்மாவுக்குப் போனார். 1947-ல் தேசம் பிரிந்தபோது அவருடைய ரெஜிமெண்ட் பாகிஸ்தானுக்குப் போயிற்று. அவர் இந்தியாவில் தங்கி, கூர்க்கா ரைஃபிள்ஸைச் சேர்ந்தவரானார். அவருக்குச் சாம் பகதூர் என்று பெயர் வைத்தவன் ஒரு கூர்க்கா சிப்பாய்தான். அந்த நாள்களின் மோட்டார் சைக்கிள் கதையை அவரே பல மேடைகளில் சொல்லிச் சிரித்திருக்கிறார். தில்லித் தலைமையகத்தில் உடன் பணியாற்றிய, பின்னாளில் பாகிஸ்தானின் அதிபரான யாஹியா கான் அவருடைய சிவப்பு ஜேம்ஸ் மோட்டார் சைக்கிளை 1,000 ரூபாய்க்குப் பேசி எடுத்துக்கொண்டு போனார். பணம் வரவே இல்லை. 1971 போருக்குப் பிறகு, அந்தக் கடனுக்காக யாஹியா பாதி நாட்டையே கொடுத்துவிட்டார் என்று மானெக்‌ஷா சொல்வாராம்.

எங்கள் மலைக்கு அவர் முதலில் வந்தது 1959-ல், வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜின் தலைவராக. பிரிவினைக்கு முன் அந்தக் கல்லூரி குவெட்டாவில் இருந்தபோது அவரும் அதில் மாணவராகப் படித்தவர்தான். அவர் இங்கே வாழ்ந்து மறைந்ததைக் கொண்டாடுகிறவர்கள், அவருடைய உத்தியோக வாழ்க்கை இங்கேயே முடிந்துபோக இருந்ததை அதிகம் பேசுவதில்லை. அதற்கு முன்பே, அவர் காஷ்மீரில் ஒரு டிவிஷனுக்குத் தலைவராக இருந்தபோது, பாதுகாப்பு அமைச்சர் வி.கே. கிருஷ்ண மேனன் படைத் தலைவர் திம்மய்யாவைப் பற்றி அவருடைய அபிப்பிராயத்தைக் கேட்டாராம். மேலதிகாரியைப் பற்றி அபிப்பிராயம் வைத்திருக்க எனக்கு அனுமதி இல்லை, இன்று நீங்கள் இப்படிக் கேட்டால் நாளை என்னைப் பற்றி எனக்குக் கீழே இருப்பவர்களிடம் கேட்பீர்கள் என்று பதில் சொன்னாராம். அமைச்சருக்கு வேண்டியவர்களையே மேலே ஏற்றிவிட்ட காலம் அது. வெலிங்டனில் அவர் மீது விசாரணை தொடங்கப்பட்டது. தேசப்பற்று இல்லாதவர், வெள்ளைக்காரப் பழக்கங்களில் ஊறியவர் என்பதுதான் குற்றச்சாட்டுகளின் சாரம். வாயை அடக்கத் தெரியாதவர் என்பதை அவருடைய நண்பர்களும் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் வயிற்றில் குண்டு வாங்கிய ஒருவரின் தேசப்பற்றை அறைக்குள் உட்கார்ந்து விசாரித்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. லெப்டினன்ட் ஜெனரல் தௌலத் சிங் தலைமையிலான விசாரணைக் குழு அவர் மீது குற்றம் இல்லை என்றது. அதற்குள் 1962-ன் சீனப் போர் வந்து, இமயமலையில் இந்தியப் படை சிதறியிருந்தது. மேனன் பதவி விலகினார். உடைந்துபோன 4-ஆவது கோர் என்ற படைப்பிரிவின் பொறுப்பு மானெக்‌ஷாவிடம் வந்தது. எழுத்து மூலமான உத்தரவு இல்லாமல் இனிப் பின்வாங்கக் கூடாது, அப்படியோர் உத்தரவு ஒருபோதும் வராது என்பதுதான் தேஜ்பூரில் அவர் பிறப்பித்த முதல் கட்டளை.

1969 ஜூன் 8 அன்று அவர் தரைப்படைத் தலைவரானார். 1971 ஏப்ரலில், கிழக்கு பாகிஸ்தானிலிருந்து அகதிகள் இலட்சக்கணக்கில் எல்லை தாண்டி வந்துகொண்டிருந்த வேளையில், இந்திரா காந்தியின் அமைச்சரவைக் கூட்டத்தில் உடனே போரைத் தொடங்க முடியுமா என்ற கேள்வி எழுந்ததாகவும், முடியாது என்று தான் மறுத்ததாகவும் அவர் பின்னர் பலமுறை சொன்னார். பருவமழை வந்தால் வங்காளத்தின் ஆறுகள் கடல்போல விரிந்துவிடும். மலைக் கணவாய்கள் திறந்திருக்கும் காலத்தில் சீனா தலையிடலாம். படைகளை நகர்த்த வேண்டிய ரயில் வண்டிகள் அறுவடைத் தானியத்துக்குத் தேவைப்படும். டாங்கிகள் தயாராக இல்லை. இத்தனையும் சொல்லி, வேண்டுமானால் ராஜினாமாவைத் தருகிறேன் என்றும் சொன்னாராம். அந்தக் கூட்டத்தில் நடந்ததை அவர் சொல்லும் விதத்தை வரலாற்றாசிரியர்கள் சிலர் ஐயுறுகிறார்கள். அரசாங்கமும் அப்போது போருக்கு அவசரப்படவில்லை என்பது அவர்கள் வாதம். கிழக்குப் போரின் திட்டத்தில் டாக்காவை இலக்காகக் கொண்டது யார் என்பதிலும் கிழக்குக் கட்டளையகத்தின் அதிகாரி ஜெனரல் ஜேக்கப் வேறு கதை சொன்னார். நல்ல கதைசொல்லிகள் தம்மையே கதையின் நடுவில் நிறுத்திக்கொள்வது உண்டு. மானெக்‌ஷாவும் அதற்கு விலக்கல்லர் என்றே நான் நினைக்கிறேன். இருந்தாலும் காத்திருந்தார்கள் என்பதும், அந்தக் காத்திருப்பு ஆயத்தத்துக்குப் பயன்பட்டது என்பதும், டிசம்பர் 3 அன்று தொடங்கிய போர் 16 அன்று டாக்காவில் முடிந்தது என்பதும் உண்மை. அப்படியும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் திரும்பி வரவில்லை. மழைக்காலத்தில் இறங்கியிருந்தால் அந்தக் கணக்கு எங்கே போயிருக்கும் என்பதைச் சிட்டாங் ஆற்றைப் பார்த்தவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சரணாகதியை ஏற்க டாக்காவுக்கு அவர் போகவில்லை. அந்த மரியாதை கிழக்குக் கட்டளையகத் தளபதி ஜக்ஜித் சிங் அரோராவுக்கு உரியது என்று சொல்லிவிட்டார். ஏறத்தாழ 93,000 பேர் கைதிகளாயினர். அவர்கள் நடத்தப்பட்ட விதத்தைப் பற்றி அவர் சொன்ன ஒரு நிகழ்ச்சி எனக்கு அந்த வெற்றியைவிடப் பெரிதாகப் படுகிறது. 1972-ன் இறுதியில், எல்லைக் கோட்டுச் சிக்கல் ஒன்றைப் பற்றிப் பாகிஸ்தான் படைத் தலைவர் டிக்கா கானுடன் பேச அவர் லாகூருக்குப் போனார். சில்லூவை அவர் முதன்முதலில் சந்தித்த ஊர் அது. ஆளுநர் மாளிகைப் பணியாளர் ஒருவர் தன் தலைப்பாகையைக் கழற்றி அவர் காலடியில் வைத்தாராம். அவருடைய பிள்ளைகள் இந்தியாவில் போர்க் கைதிகள். தங்களுக்குக் குர்ஆன் கொடுத்திருக்கிறார்கள், படுக்கக் கட்டில் கொடுத்திருக்கிறார்கள், காவல் இருக்கும் இந்தியச் சிப்பாய்கள் தரையில் படுக்கிறார்கள் என்று அவர்கள் வீட்டுக்குக் கடிதம் எழுதியிருந்தார்களாம். இதையும் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு தளபதி தன் வெற்றிக் கதைகளில் எதை எடுத்துத் திரும்பத் திரும்பச் சொல்கிறார் என்பதிலிருந்தும் அவரை அறிந்துகொள்ளலாம். எதிரி வீட்டுத் தகப்பன் ஒருவரின் நிம்மதியை இவர் எடுத்துக்கொண்டார்.

1973 ஜனவரியில் பீல்டு மார்ஷல் பட்டம் வந்தது; அதே மாதம் 15 அன்று பொறுப்பிலிருந்து விலகினார். அதன் பிறகு தில்லி அவரை அன்போடு நடத்தியது என்று சொல்ல முடியாது. 1947-ல் ஜின்னா தன்னைப் பாகிஸ்தான் படைக்கு அழைத்தார் என்றும், போயிருந்தால் நீங்கள் தோற்றிருப்பீர்கள் என்றும் அவர் விளையாட்டாகச் சொன்ன பேட்டி பெரிய கோபத்தைக் கிளப்பிற்று. அது தேவையில்லாத பேச்சுதான். வெற்றியில் பங்குள்ள ஆயிரக்கணக்கானவர்களுக்கு அது நியாயம் செய்யவில்லை. ஆனால் அதற்காக ஒருவருடைய சம்பளத்தில் கைவைப்பார்களா? பீல்டு மார்ஷல் பட்டம் பெற்றவர் ஓய்வு பெறுவதில்லை, வாழ்நாள் முழுவதும் பணியில் இருப்பவராகவே கருதப்படுவார் என்பது விதி. அந்த விதிப்படி அவருக்குச் சேர வேண்டிய ஊதிய நிலுவை, ஒரு கோடி ரூபாய்க்கும் அதிகமான தொகை, அப்துல் கலாம் குடியரசுத் தலைவராக இருந்த 2007-ல்தான் அவர் கைக்கு வந்தது. அப்போது அவருக்கு வயது 90-ஐத் தாண்டி, வெலிங்டன் ராணுவ மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக இருந்த காலம். இடையில் சில நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களில் அமர்ந்து சம்பாதித்தார். அங்கே ஒருமுறை நாயக் என்ற பெயருள்ளவர் அவருடைய இடத்துக்கு வந்தபோது, ஒரு பீல்டு மார்ஷலை நாயக் வெளியேற்றியது வரலாற்றில் இதுவே முதல் முறை என்றாராம். நாயக் என்பது ராணுவத்தில் கடைநிலைப் பதவிகளில் ஒன்று என்பதை எங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஓய்வுக்குப் பின் வாழ எந்த ஊரையும் அவர் தேர்ந்தெடுத்திருக்கலாம். பிறந்தது அமிர்தசரஸ், மனைவியின் ஊர் பம்பாய், அதிகாரத்தில் இருந்தது தில்லி. தன் மீது விசாரணை நடந்த மலைக்கே திரும்பி வந்து வீடு கட்டினார் என்பதில் அவருடைய குணம் தெரிகிறது. ஸ்தாவ்கா என்று பழைய ரஷ்யப் படைத் தலைமையகத்தின் பெயரை வீட்டுக்கு வைத்தார். பெயர்தான் தலைமையகம், உள்ளே நடந்ததெல்லாம் சில்லூவின் ஆட்சி என்று அந்த வீட்டுக்குப் போய் வந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அவரும் அதைக் கேலியும் கிண்டலுமாக ஒப்புக்கொள்வார். வந்தவர்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டும்போது, இது அவளுடைய படுக்கையறை, இது என்னுடையது, நான் குறட்டை விடுவதாக அவள் சொல்கிறாள், ஆனால் வேறு எந்தப் பெண்ணும் இதுவரை புகார் சொன்னதில்லை என்பாராம். பக்கத்தில் நிற்கும் மனைவியைச் சீண்டுவதற்காகவே சொல்லும் இத்தகைய பேச்சு, பல்லாண்டு சேர்ந்து வாழ்ந்த தம்பதிகளின் வீட்டில்தான் எடுபடும். இரண்டு மகள்களை வளர்த்து, அவரவர் வழியில் போகவிட்டார்கள். இளையவர் வழக்கறிஞராகி, மனித உரிமைத் துறையில் பெயர் பெற்றார். காவல்துறைச் சீர்திருத்தம் பற்றி அரசாங்கங்களைக் கேள்வி கேட்கும் மகளை ஒரு படைத் தலைவரின் வீடு உருவாக்கியது என்பது எனக்குப் பிடித்த செய்தி. மேலதிகாரியைப் பற்றிய கேள்விக்கு அமைச்சரிடமே பதில் சொல்ல மறுத்தவரின் மகள் அல்லவா.

சில்லூ 2001 பிப்ரவரி 13 அன்று காலமானார். அவர்களுடைய மண வாழ்க்கை அப்போது 62 ஆண்டுகளை நெருங்கியிருந்தது. உதகையின் பார்சி கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். அதன் பிறகு ஏழு ஆண்டுகள் சாம் தனியாக இருந்தார். பெரிய நகரங்களுக்குப் போய்விடவில்லை. நுரையீரல் தொல்லை மிகுந்து, 2008 ஜூன் 27 அன்று நள்ளிரவுக்குச் சற்றுப் பின் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் மறைந்தார். நான் நன்றாகத்தான் இருக்கிறேன் என்பதே அவருடைய கடைசிச் சொற்கள் என்கிறார்கள்.

அவருடைய இறுதிச் சடங்கு ராணுவ மரியாதையோடு உதகையில் நடந்தது. குடியரசுத் தலைவரோ, பிரதமரோ, பாதுகாப்பு அமைச்சரோ வரவில்லை. அரசின் சார்பில் பாதுகாப்புத் துறை இணையமைச்சர் பல்லம் ராஜு வந்தார். தேசிய துக்கமும் அறிவிக்கப்படவில்லை. 1993-ல் பீல்டு மார்ஷல் கரியப்பா குடகில் எரியூட்டப்பட்டபோது முப்படைத் தலைவர்களும் வந்திருந்தார்கள். 79 வயதில் மானெக்‌ஷாவும் போயிருந்தார். 2017-ல் விமானப்படை மார்ஷல் அர்ஜன் சிங் மறைந்தபோது பிரதமரே வீட்டுக்குச் சென்று அஞ்சலி செலுத்தினார், தலைநகரில் கொடிகள் அரைக்கம்பத்தில் பறந்தன. இந்த இரண்டுக்கும் நடுவில் 2008-ல் மட்டும் அரசாங்கத்துக்கு நீலகிரி ஏன் அவ்வளவு தூரமாகிப் போனது என்று அப்போது பத்திரிகைகள் கேட்டன, சரியாகவே கேட்டன. அதே ஆண்டு டிசம்பர் 16 அன்று அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலை ஒன்று வெளியாயிற்று. இந்தக் குறை அவரைத் தொட்டிருக்குமா என்று யோசித்துப் பார்த்தால், தில்லியிலிருந்து யார் வந்தார்கள் என்று விசாரிப்பதற்கு முன்னால், சில்லூவுக்குப் பக்கத்தில் எனக்கு இடம் கிடைத்ததா என்றுதான் அந்த மனிதர் கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன். கிடைத்தது.